மேசை மைக்கும் மின்விசிறியும்

குரல்வழித் தட்டச்சில் கூகுள் 2017இல் தமிழையும் சேர்த்தது. தட்டச்சு பழகாத நம் மூத்தோர், தம் நினைவுகளைச் சொல்லியே எழுதி வைக்கலாம். ஆனால் ராமச்சந்திராபுரத்தின் மின்விசிறியும் மும்பை நெடுஞ்சாலை லாரியும் குறுக்கிட்டால், சொல்வது ஒன்று, திரையில் வருவது வேறொன்று! இதற்குக் கைகொடுப்பது ‘அரே மைக்’ எனப்படும் வரிசை ஒலிவாங்கி.

இதில் சிறு மைக்குகள் பல ஒரே வரிசையில் இருக்கும். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். நேரெதிரே பேசும் குரல் எல்லா மைக்குகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அடைவதால், அவற்றைக் கூட்டும்போது வலுப்பெறுகிறது. பக்கவாட்டு ஓசையோ, 10 செ.மீ. தள்ளியுள்ள மைக்கை ஏறக்குறைய 0.3 மில்லி வினாடி தாமதித்தே அடைகிறது. அந்த வித்தியாசத்தைக் கொண்டு அது குறைக்கப்படுகிறது.

தலைக்கு நேர்மேலே சுழலும் விசிறியின் ஓசையும் ஒரே நேரத்தில் வந்து சேருமாதலால், அதைப் பிரிப்பது கடினம். ஆகவே விசிறி பக்கவாட்டில் அமையும்படி மேசையைத் தள்ளிப் போடுங்கள். மைக்கைத் திரையின் நடுவே, முகத்தை நோக்கி, இரண்டடி தூரத்தில் வையுங்கள். அடியில் மடித்த துணி இட்டால் மேசையின் அதிர்வு ஏறாது.

யுஎஸ்பியில் செருகியபின், கணினியின் ஒலி அமைப்பில் உள்ளீடாக இதையே தேர்ந்தெடுங்கள்; இல்லையேல் பழைய மைக்கே இயங்கக்கூடும். ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்த்தபின் தொடங்குங்கள்.