நவோதயா நுழைவுத் தேர்வு: வீட்டிலேயே தயாராவது எப்படி?

புது தில்லி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர், சிறுமியர் ஆண்டுதோறும் ஒரு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கின்றனர். அவர்களுள் இடம் கிடைப்பது சுமார் 50 ஆயிரம் பேருக்கு மட்டுமே. அதாவது, நாற்பது பேர் முயன்றால் ஒருவர் தேறுகிறார். கிராமத்துக் குழந்தைகளுக்குத் தரமான உறைவிடக் கல்வியை ஏறக்குறைய இலவசமாக அளிக்கும் ஜவாஹர் நவோதயா வித்யாலயங்களில் ஆறாம் வகுப்பில் சேருவதற்கான தேர்வுதான் அது.

போட்டி கடுமையானது என்பதால் வட மாநிலங்களின் சிறு நகரங்களில் இத்தேர்வுக்கென்றே பயிற்சி மையங்கள் பெருகியுள்ளன. கடன் வாங்கியேனும் பிள்ளையை அங்கு சேர்க்கும் பெற்றோர் உண்டு. ஆனால், தேர்வின் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்க்கும் எவருக்கும் ஓர் உண்மை புலப்படும். இத்தேர்வில் கேட்கப்படுவது தொடக்கப் பள்ளிக் கணக்கு, தாய்மொழியில் படித்துப் புரிந்துகொள்ளும் திறன், உருவங்களைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் ஆகிய மூன்று மட்டுமே. இவற்றை அதிகம் படிக்காத பெற்றோரும் வீட்டிலேயே வளர்க்க முடியும்.

ஏன் இத்தனை போட்டி?

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் கீழ் உருவானவை நவோதயா பள்ளிகள். 1985-86-ல் ஹரியாணாவின் ஜஜ்ஜர், மகாராஷ்டிரத்தின் அமராவதி ஆகிய இரண்டு இடங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்ட இத்திட்டம், இன்று 650-க்கும் மேற்பட்ட பள்ளிகளாக விரிந்துள்ளது. தில்லியில் முங்கேஷ்பூர், ஜாபர்பூர் கலான் ஆகிய இடங்களில் இப்பள்ளிகள் இயங்குகின்றன. மும்மொழித் திட்டத்தை ஏற்காத தமிழகம் இதில் சேராமல் இருந்துவந்துள்ளது. அது தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளிலும் நவோதயா பள்ளிகள் உள்ளன.

பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பில் அதிகபட்சம் 80 பேர் சேர்க்கப்படுகின்றனர். குறைந்தது 75 சதவீத இடங்கள் கிராமப்புற மாணவர்களுக்கு உரியவை. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் மாணவியருக்கு ஒதுக்கப்படுகின்றன. உணவு, தங்குமிடம், சீருடை, பாடநூல்கள் அனைத்தும் இலவசம். மேல் வகுப்புகளில் ஒரு பிரிவினரிடம் மட்டும் வளர்ச்சி நிதியாகச் சிறு தொகை பெறப்படுகிறது. மாணவியர், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் ஆகியோருக்கு அதிலிருந்தும் விலக்கு உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பொதுத் தேர்வுகளில் இப்பள்ளிகள் தொடர்ந்து முன்வரிசையில் இருந்து வருகின்றன. கூலித் தொழிலாளியின் மகனும் சிறு விவசாயியின் மகளும் இதனை வாழ்வின் பெரிய வாய்ப்பாகக் கருதுவதில் வியப்பில்லை.

முதல் கவனம் பள்ளிச் சேர்க்கையில்

பயிற்சியைத் தொடங்கும் முன்பே பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. கிராமப்புற ஒதுக்கீட்டில் இடம் பெற, மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளையும் கிராமப்புறத்தில் அமைந்துள்ள பள்ளியில் முழுமையாகப் படித்திருக்க வேண்டும். இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நாள் நகர்ப்புறப் பள்ளியில் படித்திருந்தாலும் அம்மாணவர் நகர்ப்புற மாணவராகவே கருதப்படுவார். எந்த மாவட்டத்துப் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறாரோ அதே மாவட்டத்தில் வசிப்பதும் ஐந்தாம் வகுப்பு படிப்பதும் கட்டாயம்.

பயிற்சிக்காகப் பிள்ளையை நகரத்து விடுதியில் தங்கவைத்து, அங்குள்ள பள்ளியிலேயே பெயரையும் பதிவு செய்யும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. பயிற்சியால் கூடக்கூடிய சில மதிப்பெண்களுக்காக முக்கால் பங்கு இடங்களுக்கான உரிமையையே அவர்கள் இழந்துவிட நேரும்.

இத்தேர்வை ஒரு மாணவர் ஒரு முறை மட்டுமே எழுத முடியும். ஐந்தாம் வகுப்பில் மீண்டும் பயின்று மறுமுறை எழுத அனுமதி இல்லை. விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. இணையவழி விண்ணப்பத்துடன் தலைமை ஆசிரியர் ஒப்பமிட்ட சான்றும் இணைக்கப்பட வேண்டும். பெயர், பிறந்த தேதி, வகுப்பு வாரியான பள்ளி விவரம் ஆகியவை பள்ளிப் பதிவேட்டிலும் விண்ணப்பத்திலும் ஒன்றாக உள்ளனவா என்பதைக் கடைசி நாள் வரை காத்திராமல் சரிபார்ப்பது நல்லது.

தேர்வின் அமைப்பு

காலை 11.30 மணி முதல் பிற்பகல் 1.30 மணி வரை இரண்டு மணி நேரம் தேர்வு நடைபெறும். மொத்தம் 80 வினாக்கள், 100 மதிப்பெண்கள். மனத்திறன் பகுதியில் 40 வினாக்களுக்கு 50 மதிப்பெண்கள். கணிதத்தில் 20 வினாக்களுக்கு 25, மொழியில் 20 வினாக்களுக்கு 25. ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் வினாத்தாள் கிடைக்கிறது. நேர்முகத் தேர்வு இல்லை.

மதிப்பெண்ணில் பாதியைத் தருவது மனத்திறன் பகுதி. இது பள்ளிப் பாடமாகக் கற்பிக்கப்படாதது என்பதால் பெற்றோர் மிகவும் அஞ்சுவதும் இதற்குத்தான். உண்மையில், எழுதப் படிக்கத் தெரியாத தாயும் உடன் அமர்ந்து பழக்கக்கூடிய பகுதி இதுவே.

காகிதமும் கண்ணாடியும் போதும்

மனத்திறன் வினாக்கள் பத்து வகைப்படும். வகைக்கு நான்கு வினாக்கள். வேறுபட்ட உருவத்தைக் கண்டறிதல், ஒத்த உருவத்தைக் காணல், விடுபட்ட பகுதியை நிரப்புதல், உருவ வரிசையைத் தொடர்தல், உருவ ஒப்புமை, முக்கோணம், சதுரம், வட்டம் ஆகியவற்றை முழுமையாக்கல், கண்ணாடி பிம்பம், மடித்துத் துளையிட்ட காகிதம், துண்டுகளை இணைத்தல், மறைந்திருக்கும் உருவத்தைக் காணல் என்பன அவை.

இவற்றுள் பலவற்றைக் கையால் செய்து பார்த்தாலே விளங்கிவிடும். பழைய செய்தித்தாளில் ஒரு சதுரம் வெட்டி, இரண்டாகவும் பின்னர் நான்காகவும் மடித்து, ஓரிடத்தில் துளையிடச் சொல்லலாம். பிரிப்பதற்கு முன்பு துளைகள் எங்கெங்கு வரும் என்று குழந்தை வரைந்து காட்ட வேண்டும். பிரித்துப் பார்த்தால் நான்கு துளைகள். எந்த இடங்கள் என்பதில் தவறியிருந்தால் மடிப்பைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, குழந்தை தானே காரணத்தைக் கண்டுகொள்ளும். கண்ணாடி முன் கடிகாரத்தைப் பிடித்தால் 3 மணி, 9 மணியாகத் தெரியும். எழுத்துகளையும் அம்புக்குறிகளையும் இவ்வாறே காட்டலாம். அட்டையில் வரைந்த வட்டத்தையோ சதுரத்தையோ மூன்று துண்டுகளாக வெட்டிக் கலைத்துச் சேர்க்கச் சொல்வது மற்றொரு பயிற்சி.

இவ்வாறு சில வாரங்கள் பழகிய பின்னரே முந்தைய ஆண்டு வினாத்தாள்களுக்குச் செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே விடைகளை மனப்பாடம் செய்ய வைத்தால், உருவம் சற்று மாறியதும் குழந்தை திகைத்து நின்றுவிடும்.

சந்தைக் கணக்கும் வயல் கணக்கும்

கணிதப் பகுதியில் நான்கு அடிப்படைச் செயல்கள், பின்னம், தசமம், காரணிகளும் மடங்குகளும், அளவைகள், தொலைவும் நேரமும், லாப நட்டம், சுற்றளவு, பரப்பளவு போன்றவை இடம்பெறுகின்றன. பல குழந்தைகள் தடுமாறுவது கணக்கிடுவதில் அன்று; எந்தக் கணக்கைச் செய்வது என்று தேர்வதில்தான். 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள நிலத்துக்கு வேலி போடத் தேவைப்படுவது சுற்றளவு. அது 130 மீட்டர். விதைப்பதற்குக் கணக்கிட வேண்டியது பரப்பு. அது 1,000 சதுர மீட்டர். வயல் வரப்பில் நடந்து இதனை ஒரு முறை அறிந்த குழந்தை, இரண்டையும் குழப்பிக்கொள்வது அரிது.

ஒரு வழித்தடத்தில் 12 நிமிடத்துக்கு ஒரு முறையும் மற்றொன்றில் 18 நிமிடத்துக்கு ஒரு முறையும் பேருந்து வந்தால், ஒன்றாக வந்த இரண்டும் மீண்டும் 36 நிமிடத்தில் சந்திக்கும் என்பது மீச்சிறு பொது மடங்கு. 24 மாம்பழங்களையும் 36 கொய்யாப் பழங்களையும் மீதமின்றி ஒரே மாதிரியாக அதிகபட்சம் 12 கூறுகளாகப் பிரிக்கலாம் என்பது மீப்பெரு பொதுக் காரணி. சந்தையில் வாங்கிய விலையும் விற்ற விலையும் தெரிந்த சிறு வியாபாரியின் பிள்ளைக்கு லாப நட்டம் புதிய பாடமல்ல. வாய்ப்பாட்டை மட்டும் தயக்கமின்றிச் சொல்லும் அளவுக்கு நாள்தோறும் பத்து நிமிடம் பழக்கிவிட வேண்டும்.

வீட்டுப் பேச்சும் பாடநூல் மொழியும்

மொழிப் பகுதியில் நான்கு பத்திகள் தரப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து வினாக்கள் கேட்கப்படும். தாய்மொழி தானே என்று பெற்றோர் இதனை அலட்சியம் செய்வது வழக்கம். ஆனால், பிகாரில் மைதிலியும் போஜ்புரியும், மத்தியப் பிரதேசத்தில் புந்தேலியும் கோண்டியும் பேசும் வீடுகளின் பிள்ளைகள் தேர்வெழுதுவது பெரும்பாலும் பாடநூல் ஹிந்தியில். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள இத்தொலைவு வேறு மொழியினருக்கும் ஓரளவு பொருந்தும்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நாளிதழிலோ பாடநூலிலோ ஒரு பத்தியைக் குழந்தை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அதனை வீட்டுப் பேச்சில் தாய்க்கோ பாட்டிக்கோ விளக்க வேண்டும். கேட்பவருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. "யார் செய்தார், ஏன் செய்தார்?" என்று இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். பொருள் தெரியாத சொல் எது என்பது அப்போதே வெளிப்பட்டுவிடும்.

கடிகாரமும் விடைத்தாளும்

ஒரு வினாவுக்குச் சராசரியாகக் கிடைப்பது 90 விநாடி. எனவே, கடைசி இரண்டு மாதங்களில் வாரம் ஒரு முறை, தேர்வு நடைபெறும் அதே நேரத்தில், கடிகாரத்தை முன்வைத்து முழு வினாத்தாளையும் எழுதிப் பழக வேண்டும். முதல் சுற்றில் தெரிந்தவை, இரண்டாம் சுற்றில் சிந்திக்க வேண்டியவை என்று பிரித்துக்கொண்டால் எளிய வினாக்கள் விடுபடாமல் இருக்கும். தவறுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எந்த வினாவையும் வெறுமையாக விடக் கூடாது.

விடைத்தாளில் உரிய வட்டத்தைப் பந்துமுனைப் பேனாவால் நிரப்ப வேண்டும். நிரப்பியதை அடித்தோ அழித்தோ மாற்ற முடியாது. தொடக்கப் பள்ளி மாணவர் பலர் பேனாவை விடப் பென்சிலையே அதிகம் கையாண்டவர்கள். ஒரு வினாவை விட்டுவிட்டு அடுத்த விடையை அதன் வட்டத்தில் நிரப்பிவிட்டால், தொடரும் விடைகள் அனைத்தும் பிசகிவிடும். வெள்ளைத்தாளில் 80 வரிசை வட்டங்கள் வரைந்து கொடுத்து, எண்ணைச் சொல்லிக்கொண்டே நிரப்பச் செய்தால் இத்தவறு நீங்கும்.

நாள்தோறும் ஒரு மணி நேரப் பயிற்சி பத்து வயதுக் குழந்தைக்குப் போதுமானது. அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் தொலைக்காட்சி அணைந்திருப்பதும், மாடு மேய்க்கவோ தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ அழைக்காமல் இருப்பதும் பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி. பெண் குழந்தைகளைப் பொறுத்தவரை இது மேலும் அவசியம். பல வீடுகளில் அண்ணனின் படிப்பு நேரம் காக்கப்படுகிறது; தங்கையின் நேரம் அடுக்களைக்குப் போய்விடுகிறது.

விடுதி வாழ்வுக்கும் ஆயத்தம்

தேர்வில் வென்றால் குழந்தை வீட்டை விட்டு விடுதிக்குச் செல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பகுதி மாணவர்கள், ஹிந்தி பேசும் மாநிலங்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் இடையிலான பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஓராண்டு வேறு மாநிலத்தில் பயில்கின்றனர். தன் துணியைத் தானே துவைத்தல், பொருள்களைப் பாதுகாத்தல், உடல்நலக் குறைவைத் தயங்காமல் சொல்லுதல் ஆகியவற்றையும் முன்கூட்டியே பழக்குவது அவசியம். பிரிந்து வாழ விருப்பமா என்று குழந்தையிடம் கேட்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

இடம் கிடைக்காவிட்டால்...

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்கு இடம் கிடைக்கப் போவதில்லை என்பதைப் பெற்றோர் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். போட்டியின் கடுமை மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது. ஓரிடத்தில் தேறும் மதிப்பெண் மற்றோரிடத்தில் போதாமல் போகலாம். ஆகவே, பட்டியலில் பெயர் இல்லாததைக் குழந்தையின் அறிவுக்கு வழங்கப்பட்ட தீர்ப்பாகக் கொள்வது தவறு. உறவினர் முன் அதனைச் சொல்லிக் குத்திக்காட்டுவது அதனினும் பெருந்தவறு.

வாய்ப்புகளும் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. நவோதயா பள்ளிகளிலேயே ஒன்பதாம் வகுப்பில் காலியாகும் இடங்களுக்குத் தனித் தேர்வு நடத்தப்படுகிறது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆகியவற்றில் எட்டாம் வகுப்பு பயிலும் ஏழை மாணவர்களுக்காக 2008-ல் தொடங்கப்பட்ட தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் திட்டம் உள்ளது. அதில் தேறுவோருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12 ஆயிரம் வழங்கப்படுகிறது. அத்தேர்விலும் பாதி மதிப்பெண் மனத்திறனுக்கே. பத்து வயதில் செய்தித்தாளை மடித்துத் துளையிட்டுப் பழகிய குழந்தைக்கு, பதின்மூன்று வயதில் அந்த வினாத்தாள் புதிதாகத் தோன்றாது.