தொப்புள் வரை மரத்தால் போதும்

"எங்கப்பாவுக்கு வலி தாங்காது டாக்டர், ஊசியைக் கொஞ்சம் கூடவே போட்டுவிடுங்க." புராஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் மயக்க மருந்து டாக்டரிடம் பிள்ளைகள் வைக்கிற வேண்டுகோள் இது. பாசத்தில் கேட்பதுதான். ஆனால் முதுகில் போடும் ஊசியில் அளவைக் கூட்டினால் வலி இன்னும் குறைந்துவிடாது. நன்றாக மரத்துப்போன இடத்தில் அதற்கு மேல் குறைக்க வலி ஏது? மரப்பு உடம்பில் மேலே மேலே ஏறும், நெடுநேரம் நிற்கும். கூடுதல் மருந்து போய்ச் சேர்வது மரக்கத் தேவையே இல்லாத இடத்துக்கு.

பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரை ஊர்களுக்குப் பெரியாஸ்பத்திரி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுதான். 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. 2019 ஜனவரியில் அங்கே உயர் சிறப்புச் சிகிச்சைக் கட்டடமும் திறக்கப்பட்டது. வெயிலில் வேலை செய்து, வியர்வையாய்ப் போனதற்கு ஈடாகத் தண்ணீர் குடிக்காதவர்களுக்குச் சிறுநீரகக் கல் வர வாய்ப்பு அதிகம். ஆயுள் கூடியதால் புராஸ்டேட் வீக்கத்தோடு வரும் தாத்தாக்களும் கூடியிருக்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்கு இன்று வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை உள்ளே விட்டு வேலையை முடிக்கிறார்கள். ஆளை முழுதாகத் தூங்க வைக்காமல், முதுகில் ஓர் ஊசியோடு முடிவதும் இதனால்தான் எளிதாகிறது.

நம் தியேட்டர்களில் இதற்குப் பெரும்பாலும் எடுக்கிற மருந்து 'ஹெவி' பியூபிவக்கைன். 4 மி.லி. கொண்ட சின்ன ஆம்பூல். ஒவ்வொரு மி.லி.யிலும் 5 மி.கி. மருந்து, கூடவே 80 மி.கி. டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை. அந்தச் சர்க்கரையால்தான் அதற்குக் கனம். தண்ணீரில் ஊற்றிய கருப்பட்டிப் பாகு போல, முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரில் அது பள்ளம் பார்த்து இறங்கும். உட்கார்ந்திருந்தால் இடுப்புப் பக்கம் தங்கும். மல்லாந்து படுத்தால் முதுகின் வளைவைப் பிடித்து மார்புப் பக்கம் நகரும். ஆகவே ஊசி போட்ட பிறகு எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறார்கள் என்பதும் அளவுக் கணக்கில் சேர்ந்ததே. 5 மி.லி. சிரிஞ்சில் ஒரு சிறு கோடு 0.2 மி.லி., அதாவது 1 மி.கி. வழக்கமாகப் போடுவது 2 முதல் 3 மி.லி. இடையில் இருப்பது வெறும் ஐந்து கோடு. எழுபது வயதுக்காரரின் ரத்த அழுத்தம் அந்த ஐந்து கோட்டுக்குள் கிடந்து ஆடும்.

எவ்வளவு உயரம் மரக்க வேண்டும்? புராஸ்டேட்டின் நரம்புகள் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் சேர்கின்றன. அதைச் சுரண்டி எடுக்கும்போது சிறுநீர்ப்பையைத் திரவம் விட்டு விரிக்க வேண்டியிருக்கிறது; அந்த விரிப்பின் வேதனையைச் சொல்லும் நரம்புகள் சற்று மேலே, அடிவயிற்றுப் பகுதியில் சேர்பவை. ஆக, தொப்புள் மட்டம் வரை மரத்தால் போதும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சை விலாவில் இருந்து கீழே வைத்துக்கொண்டே வந்து, "தாத்தா, இங்க சில்லுனு இருக்கா? இங்க?" என்று கேட்டுப் பார்ப்பது இந்த எல்லையைக் கண்டுபிடிக்கத்தான்.

எல்லை மார்புக்கு ஏறினால் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளும், இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகளும் சேர்ந்து செயலிழக்கும். பிரஷர் சரியும், நாடி மந்தமாகும். இளைஞருக்கு மருந்து கொடுத்து உடனே சமாளித்துவிடலாம். ஏற்கனவே இதய அடைப்பு உள்ளவருக்கு அந்தச் சில நிமிடமே ஆபத்து. தூக்கி வைத்த கால்களை அறுவை முடிந்ததும் கீழே இறக்கும்போது இன்னொரு முறை பிரஷர் இறங்கலாம்.

நோயாளி விழித்திருப்பதே ஒரு பாதுகாப்பு. புராஸ்டேட்டைச் சுரண்டும் பழைய வகை மின்கருவியில் உப்பு நீர் பயன்படாது, அது மின்சாரத்தைக் கடத்திவிடும். அதனால் கிளைசின் கரைசல் விடுவார்கள். அது அறுபட்ட ரத்தக் குழாய்கள் வழியே உடம்புக்குள் ஏறினால் ரத்தத்தில் சோடியம் குறையும். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் "என்னமோ மாதிரி வருது" என்பார், நிலைகொள்ளாமல் தவிப்பார், கண் மங்குகிறது என்பார். மானிட்டரில் பெரிய மாற்றம் வருமுன்பே டாக்டருக்குத் தகவல் கிடைத்துவிடும். இந்தக் கருவியோடு சுரண்டுவதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்ப்பதும் இதனால்தான். உப்பு நீரிலேயே வேலை செய்யும் பைபோலார் கருவி வந்தபின் இந்தச் சோடியம் பயம் பெருமளவு குறைந்திருக்கிறது.

ஒரே அளவு மருந்து ஒருவருக்குத் தொப்புளிலும் இன்னொருவருக்கு மார்பிலும் போய் நிற்பது ஏன்? இடுப்புப் பகுதியில் உள்ள முதுகுத்தண்டு நீர் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில் 10 தன்னார்வலர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது அது சுமார் 43 மி.லி.யில் இருந்து 81 மி.லி. வரை இருந்தது. நீர் குறைவாக உள்ளவருக்கு மருந்து உயரமாக ஏறியது. வெளியே இருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. வயது, உயரம், தொந்தி, முதுகின் வளைவு ஆகியவற்றை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு பியூபிவக்கைனை 5 முதல் 7.5 மி.கி. ஆகக் குறைத்து, 25 மைக்ரோகிராம் ஃபென்டானில் என்ற வலி மருந்தைச் சேர்க்கும் முறை பல ஆய்வுகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. வலி அடங்குகிறது, பிரஷர் அதிகம் சரிவதில்லை, கால் சீக்கிரம் அசைகிறது. சிலருக்கு அரிப்பு வரும், அது பெரிய விஷயமில்லை. எல்லோருக்கும் 3 மி.லி. என்று கைப்பழக்கமாகப் போடுவதை நாம் விட்டாக வேண்டும். அதே வேகத்தில் எல்லோருக்கும் குறைத்துவிடுவதும் தப்பு. அறுவை நீண்டு, பாதியில் மரப்பு விட்டுப்போனால் முழு மயக்கம் கொடுக்க நேரும். நாற்பது வருடம் பீடி குடித்த நுரையீரலுக்கு, தவிர்க்க நினைத்ததே அதைத்தான்.

அந்தப் பீடி சிறுநீர்ப்பையையும் விடுவதில்லை. அங்கே வரும் புற்றுநோய்க்குப் புகைதான் முதன்மைக் காரணம். பீடி சுற்றுவதே பிழைப்பாக இருக்கும் முக்கூடல், மேலப்பாளையம் பகுதிகளில் இதை உரக்கச் சொல்ல வேண்டும். பையின் பக்கச் சுவரில் இருக்கும் கட்டியை மின்சாரம் வைத்துச் சுரண்டும்போது, சுவரை ஒட்டிப்போகும் நரம்பு தூண்டப்பட்டுத் தொடை திடீரென்று வெட்டி இழுக்கும். கருவி பையைக் குத்திவிடலாம். முதுகு ஊசியை எவ்வளவு கூட்டினாலும் இது நிற்காது, நரம்பு தூண்டப்படுவது ஊசி மருந்து நரம்பைத் தடுக்கும் இடத்துக்குக் கீழே. அந்த நரம்புக்குத் தனி ஊசியோ, தசையைத் தளர்த்தும் முழு மயக்கமோதான் வழி.

கல்லுக்குக் கணக்கு வேறு. சிறுநீர்க்குழாயின் அடியில் இருக்கும் கல்லுக்குத் தொப்புள் மட்டம் ஏறக்குறைய போதும். மேலே போகப் போக மரப்பும் ஏற வேண்டும். முதுகில் துளையிட்டுச் சிறுநீரகத்தில் இருந்தே கல்லை எடுக்க மார்பு வரை மரக்க வேண்டியிருப்பதால் பலரும் முழு மயக்கத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது, சாப்பிடுகிற மாத்திரைகள் அத்தனையையும் பையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுவது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ஆனால் தானாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இந்த ஊசியால் முதுகுவலி ஆயுளுக்கும் தங்கிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம். எழுந்து உட்கார்ந்தால் தலை வலித்து, படுத்தால் குறைந்தால் மட்டும் உடனே சொல்ல வேண்டும். வார்டுக்கு வந்தபின் கால் அசைந்துவிட்டது என்று தாத்தா தானாக இறங்கப் பார்ப்பார். பிரஷர் பார்த்து நர்ஸ் சரி என்றபிறகே, கூட ஒருவர் பிடித்துக்கொள்ள, முதல் தடவை எழுந்து நிற்க வேண்டும்.