கடை திறக்கும் முன்பே கூட்டம்!

சினிமாப் படம் வெளிவரும் நாளில்தான் விளம்பரம் செய்கிறார்களா? இல்லை. பல வாரங்களுக்கு முன்பே சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். "விரைவில் வருகிறது!" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். படம் வருவதற்குள் ஊரெல்லாம் அதே பேச்சாகிவிடும்.

செல்போனில் நாம் "ஆப்" என்கிறோமே, அந்தச் செயலிக்கும் இதே கதைதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். செயலி செய்பவர் பல சமயம் தனி ஆள். அல்லது இரண்டு மூன்று நண்பர்கள். பெரிய கம்பெனியின் துணை கிடையாது. சேமித்த பணத்தைப் போட்டு, ஒரு வருடம் கண் விழித்து உழைத்திருப்பார்கள். செயலி வெளிவந்த அன்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால்? அத்தனை பாடும் வீண்!

2008 ஜூலை 10-ந் தேதி ஆப்பிள் கம்பெனி தன் செயலிக் கடையைத் திறந்தது. அன்று அதில் இருந்தவை சுமார் 500 செயலிகள். இன்றோ லட்சக்கணக்கில் இருக்கின்றன. புதிதாக வரும் ஒன்று, திருவிழாக் கூட்டத்தில் கையை விட்ட குழந்தை மாதிரி திகைத்து நிற்கும்.

ஆகவே கடை திறக்கும் முன்பே ஆள் சேர்க்கவேண்டும். எப்படிச் சேர்த்தார்கள் என்று பார்ப்போம்.

பஸ்ஸில் வந்த யோசனை

அமெரிக்காவில் டுரூ ஹூஸ்டன் என்று ஓர் இளைஞர். பாஸ்டனில் இருந்து நியூயார்க்குக்குப் பஸ்ஸில் போனார். வழியில் வேலை செய்யலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தார். வேலை எல்லாம் இருந்த பென் டிரைவை வீட்டிலேயே மறந்துவிட்டார்!

"எங்கே போனாலும் நம் கோப்புகள் நம்மோடு வந்தால் என்ன?" என்று நினைத்தார். அதுதான் "டிராப்பாக்ஸ்" பிறந்த கதை.

கம்ப்யூட்டருக்காக அவர் செய்த அந்தச் சாமான் அப்போது முழுதாக முடியவில்லை. அதற்குள் ஒரு சிறிய வீடியோ எடுத்தார். அது எப்படி வேலை செய்யும் என்று தானே பேசிக் காட்டினார். ஆடம்பரம் எதுவும் இல்லை. 2008 மார்ச் மாதம் அதை இணையத்தில் போட்டார்.

என்ன ஆயிற்று தெரியுமா? அதுவரை பெயர் கொடுத்துக் காத்திருந்தவர்கள் 5 ஆயிரம் பேர். ஒரே இரவில் அது 75 ஆயிரம் ஆயிற்று!

வெறும் விளம்பரம் மட்டும் அல்ல. "இந்தச் சாமான் ஜனங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?" என்ற கேள்விக்கும் அந்த வீடியோ பதில் சொல்லிவிட்டது.

"உங்களுக்கு முன்னால் இத்தனை பேர்!"

அடுத்தது "மெயில்பாக்ஸ்." கலிபோர்னியாவில் ஒரு சிறு குழு செய்த செல்போன் செயலி. வந்த ஈ-மெயிலை விரலால் தள்ளினால் ஒதுங்கிவிடும். "அப்புறம் பார்க்கிறேன்" என்றால், குறித்த நேரத்தில் திரும்பி வந்து நிற்கும்.

2012 டிசம்பரில் இவர்களும் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். கூட்டம் திரண்டது. அங்கேதான் பயம் வந்தது. எல்லோரும் ஒரே நாளில் உள்ளே வந்தால் அவர்களுடைய கம்ப்யூட்டர்கள் தாங்குமா?

ஒரு யோசனை செய்தார்கள். 2013 பிப்ரவரி 7-ந் தேதி செயலி வெளிவந்தது. எடுத்தவர்களுக்கு வரிசை எண் கொடுத்தார்கள். "உங்களுக்கு முன்னால் இத்தனை பேர், பின்னால் இத்தனை பேர்" என்று திரை காட்டியது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள்.

சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் வரிசை நீளத்தைப் பார்த்த மற்றவர்களுக்கு ஆசை கூடியது. நின்றவர்கள் லட்சக்கணக்கில்! மறு மாதமே டிராப்பாக்ஸ் கம்பெனி மெயில்பாக்ஸை விலைக்கு வாங்கிவிட்டது.

கோடி கொட்டியும் கவிழ்ந்தது

விளம்பரம் இருந்தால் போதுமா? போதாது!

2011 மார்ச்சில் "கலர்" என்ற செயலி வந்தது. வெளிவரும் முன்பே 4 கோடியே 10 லட்சம் டாலர் முதலீடு திரட்டியிருந்தார்கள். எல்லாப் பத்திரிகைகளிலும் அதே பேச்சு.

பக்கத்தில் இருப்பவர்கள் எடுக்கும் போட்டோக்களை எல்லாம் ஒருவருக்கொருவர் காட்டுவது அதன் வேலை. ஆவலோடு திறந்தார்கள். பக்கத்தில் வேறு யாரிடமும் அந்தச் செயலி இல்லை! திரை வெறிச்சோடிக் கிடந்தது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். 2012 முடிவதோடு கலரும் முடிந்தது.

விருந்துக்கு ஊரையே அழைத்துவிட்டு, அடுப்பு மூட்டாமல் இருந்தால் என்ன ஆகும்? அதே கதைதான்.

சிறு ஆள் என்ன செய்யலாம்?

பணம் இல்லாதவர் செய்யக்கூடியவையும் உண்டு.

முதலில், இணையத்தில் ஒரே ஒரு பக்கம். செயலி யாருக்கு, எதற்கு என்று இரண்டு வரி, ஒரு படம். "வந்ததும் சொல்கிறோம், உங்கள் ஈ-மெயில் முகவரியைக் கொடுங்கள்" என்று ஓர் இடம். அந்தப் பெயர்ப் பட்டியல்தான் முதல் சொத்து.

அடுத்து, ஒரு நிமிட வீடியோ. செயலி செய்யும் வேலையை மட்டும் காட்டவேண்டும்.

மூன்றாவது, முன்பதிவு. ஆப்பிள் கடையிலும் கூகிள் கடையிலும், வெளிவரும் முன்பே "எனக்கு ஒன்று" என்று சொல்லி வைக்க வசதி உண்டு.

நான்காவது, சோதனை. ஆப்பிள் செயலியை வெளிவரும் முன்பே 10 ஆயிரம் வெளியாட்கள் வரை கொடுத்துப் பார்க்கலாம். கூகிள் கடையில் தனி ஆளாகப் புதிதாகக் கணக்குத் தொடங்குபவர், 12 பேரிடம் கொடுத்து 14 நாள் தொடர்ந்து சோதிக்கவேண்டும் என்பதே விதி.

இந்தப் பன்னிரண்டு பேர் சாதாரண ஆட்கள் அல்ல. குறை சொல்பவர்கள் இவர்கள்தான். நன்றாக இருந்தால் நாலு பேரிடம் சொல்பவர்களும் இவர்கள்தான்.

வாக்கு முக்கியம்

மெயில்பாக்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 2016 பிப்ரவரி 26-ந் தேதி அதை மூடிவிட்டார்கள். அவ்வளவு நீளமான வரிசையும் அதை என்றைக்குமாகக் காப்பாற்றவில்லை. டிராப்பாக்ஸ் இன்றும் இருக்கிறது.

விளம்பரம் ஆளை வாசல் வரை அழைத்து வரும். உள்ளே உட்கார வைப்பது சரக்குதான். இல்லாததைச் சொல்லி அழைத்தால், வந்தவர் மறுபடி வரமாட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இரவெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செயலி செய்துகொண்டிருக்கலாம். "என்னடா செய்கிறாய்?" என்று கேளுங்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக இருங்கள். நன்றாக இல்லை என்றால், கூசாமல் சொல்லிவிடுங்கள்.

வெளியார் சொல்வதற்கு முன்னால் வீட்டில் சொல்லிவிடுவது நல்லது அல்லவா?