ஹம்தா கணவாயும் ஒரகடத்துக் கால்களும்

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு, வழியில் மேடு என்று சொல்லத்தக்கவை ஏரிக்கரைகளும் மேம்பாலமும்தாம். மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் சமபூமியும், அதன்மேல் வரிசை வரிசையாக எழுந்து நிற்கும் ஆலைக் கூரைகளும், ஷிஃப்ட் முடியும் வேளைக்காகக் காத்து நிற்கும் கம்பெனி பஸ்களுமே காட்சி. கடல் மட்டத்துக்குச் சற்றே மேலாகக் கிடக்கும் இந்தத் தட்டையான பிரதேசத்தில்தான், இமயமலைச் சாலைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிள் உற்பத்தியாகிறது என்பது நம் தேசத்துத் தொழில் வாழ்க்கையின் சுவாரசியமான விசித்திரங்களுள் ஒன்று. 1955-ல் திருவொற்றியூரில் கால்கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. 2016-ல் ‘ஹிமாலயன்’ வண்டி வெளிவந்தது. 2023-ல் வந்த அதன் புதிய எஞ்சினுக்கு ‘ஷெர்பா’ என்று பெயரிட்டார்கள். வண்டியைப் பூட்டுகிற இளைஞர்களில் பலருக்கு அதில் ஏறி லடாக் போய்வர வேண்டும் என்ற ஆசை உண்டு. அந்த ஆசையைத் தூண்டுவதற்கு எழுத்தாளர்களும் விளம்பரங்களும் போதிய அளவு இருக்கின்றன. வண்டிக்காரர்கள் அரை நாளில் தாண்டிவிடும் உயரத்தை, ஒரு வழிகாட்டியின் பின்னால் நான்கைந்து நாட்கள் நடந்து தாண்டுகிற யாத்திரையைப் பற்றியே இங்கே சொல்லப் புகுகிறேன்.

நடந்துபோவது இந்த ஊருக்குப் புதிதும் அன்று. ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் அவதரித்த ராமாநுஜர், போதாயன விருத்தி என்னும் நூலைத் தேடிக் கூரத்தாழ்வானுடன் காஷ்மீரம் வரை சென்றார் என்றும், அந்த நூலைக் கொண்டுவர முடியாமல் போனபோது இரவெல்லாம் அதைப் படித்து மனத்தில் இருத்திவைத்திருந்த ஆழ்வானின் ஞாபகசக்தியே ஸ்ரீபாஷ்யம் எழுதத் துணையாயிற்று என்றும் வைஷ்ணவ குருபரம்பரை கூறுகிறது. சைவர்களுக்கோ, கயிலையை நோக்கிப் புறப்பட்டு, கால் தேய்ந்து கையால் ஊன்றி, கையும் தேய்ந்து மார்பால் ஊர்ந்த அப்பரின் கதை உண்டு; அந்த யாத்திரை கயிலையில் முடியாமல் திருவையாற்றில் முடிந்தது என்பதை மலையேறப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். நம் காலத்தில், 1981 முதல் இந்திய அரசு லிபுலேக் கணவாய் வழியாக நடத்திவரும் கயிலாய மானசரோவர் யாத்திரையில் தமிழ்நாட்டு யாத்ரீகர்கள் பலர் சென்றுவந்திருக்கிறார்கள். டில்லியில் வைத்தியப் பரிசோதனையில் தேறியவர்களைக்கூட, குஞ்சி என்னும் மலைக்கிராமத்தில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் வைத்தியர்கள் மறுபடி பரிசோதித்து, உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களை அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடும் வழக்கம் அந்த யாத்திரைக்கு உண்டு. பணம் கட்டி, லீவு எடுத்து, வேண்டுதலோடு வந்த மனிதரைப் பாதி வழியில் திரும்பிப் போகச் சொல்லும் அந்த அதிகாரமே, என் அபிப்பிராயத்தில், வழிகாட்டியோடு செல்லும் மலை யாத்திரையின் உயிர்நிலை.

முதன்முதலாக இமயக் கணவாய் ஒன்றைக் கடக்க விரும்புகிற சாமானியருக்கு ஹிமாசலப் பிரதேசத்து ஹம்தா கணவாய் பொருத்தமானது. பீர் பஞ்சால் மலைத்தொடரில், சுமார் 4,270 மீட்டர் உயரத்தில், குலு பள்ளத்தாக்குக்கும் லாஹூலுக்கும் இடையே அது அமைந்திருக்கிறது. நகரத்து மனிதர்கள் முதுகுப்பை மாட்டிக்கொண்டு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, கத்தி என்னும் இடையர் வகுப்பினர் கோடைதோறும் தங்கள் ஆட்டு மந்தைகளை இவ்வழியே லாஹூல் மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் சென்று, குளிர் தொடங்குமுன் திரும்பி வருகிறார்கள். ஆகவே நாம் நடப்பது ஆட்டுப் பாதையில்தான்.

மணாலியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் பல ஏறி ஜோப்ரா வரை ஜீப் செல்லும். அங்கிருந்து தேவதாரு மரங்களினூடே சீக்கா என்னும் முகாமுக்குச் சிறுநடை. மறுநாள் ஆற்றோரமாகவே ஏறி, சுமார் 3,600 மீட்டரில் இருக்கும் பாலு கா கேராவில் கூடாரம். இவ்விரு நாட்களும் பசுமையான நாட்கள். ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் காலடியெல்லாம் காட்டுப்பூக்களைப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள்தான் யாத்திரையின் சாரம். விடியுமுன் எழுந்து, ஜூன் மாதமானால் உறைந்த பனிமேல் வழிகாட்டி பனிக்கோடரியால் வெட்டித்தரும் படிகளில் ஒவ்வொரு காலாக வைத்து, முற்பகல் வேளையில் உச்சியை அடைந்தால், பக்கத்திலேயே 6,221 மீட்டர் உயரமுள்ள இந்திராசன் சிகரம் தலைக்குமேல் எழுந்து நிற்கும். கணவாய் என்றதும் இரு சுவர்களுக்கு நடுவே குகைபோல ஒரு வழியை எதிர்பார்த்து வருகிறவர்கள் கொஞ்சம் ஏமாறக்கூடும். இரண்டு மலைத்தோள்களுக்கு இடையே சரிந்து கிடக்கும் ஓர் அகலமான தாழ்வு, அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் நின்று வந்த வழியையும் போகிற வழியையும் மாறி மாறிப் பார்க்கிறவருக்கு, ஒரே மலையின் இரு பக்கங்களும் இரு வேறு தேசங்களாகத் தோன்றும். தென்புறத்தில் புல்லும் மரமும் மேகமும். வடபுறத்தில் மரம் என்று பெயருக்கு ஒன்று இல்லாத பழுப்பு மலைகள், உதிர்ந்த கல், உலர்ந்த காற்று. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் நீரையெல்லாம் குலு பக்கத்திலேயே இறக்கிவிட்டு வெறுங்கையோடு அப்பால் செல்கிறது என்பதே காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கங்களையும் பார்த்திருக்கிற தமிழருக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ஜூலை மாதத்தில் மூணாறிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்குகிறவர் காண்பதும் இதே மாற்றந்தான். இங்கே பாதி நாளில் இறங்கிக் காண்பதை அங்கே சில அடிகளில் காணலாம் என்பதே வித்தியாசம்.

உச்சியிலிருந்து இறங்கும் சரிவு ஏற்றத்தைவிடக் கடுமையானது. முழங்கால்கள் அன்று மாலைதான் தாங்கள் இருப்பதைத் தெரிவிக்கும். இரவு ஷியா கோரு என்னும் இடத்தில் தங்கி, நான்காம் நாள் பனி உருகிவரும் ஓடை ஒன்றைக் கடக்க வேண்டும். காலையில் முழங்காலளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருக உருகப் பிற்பகலில் இடுப்பளவுக்கு உயர்ந்துவிடும் என்பதால், வழிகாட்டிகள் எல்லோரையும் விடியற்காலையிலேயே எழுப்பி, கைகோத்து நிறுத்தி அக்கரை சேர்த்துவிடுவார்கள். சத்ரு என்னும் இடத்தில் சந்திரா நதிக்கரையை அடைந்தால் நடை முடிந்தது. அங்கிருந்து ஜீப்பில் சந்திரதால் ஏரியைப் பார்த்துவிட்டு, 2020-ல் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கத்தின் வழியாக மணாலி திரும்பிவிடலாம். சந்திரதாலைப் பற்றி எழுதாத யாத்ரீகர் இல்லையாதலால் நான் எழுதாமல் விடுகிறேன்.

இனி, அபாயம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். பாறையிலும் பனியிலும் இருப்பதைவிட அது காற்றில் அதிகமாக இருக்கிறது. கடல் மட்டத்தில் நூற்றுக்கு இருபத்தொரு பங்காக உள்ள பிராணவாயு, ஹம்தா உச்சியிலும் அதே இருபத்தொரு பங்குதான். ஆனால் காற்றின் அழுத்தமே ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடுவதால், ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. இதே சங்கடம் எஞ்சினுக்கும் உண்டு. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகள் மலை ஏற ஏறத் திணறிக் கரும்புகை கக்கும். இன்றைய வண்டியிலோ காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் ஒன்று, குறைந்த காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலையும் கணப்பொழுதில் குறைத்துவிடுகிறது. மனித சரீரம் இதே காரியத்தைச் செய்ய நாட்கள் கேட்கிறது. முதலில் மூச்சு வேகமாகிறது. அதனால் ரத்தத்தில் ஏற்படும் மாறுதலைச் சிறுநீரகங்கள் இரண்டு மூன்று நாட்களில் சரிசெய்கின்றன. சிவப்பணுக்கள் போதிய அளவு பெருகுவதற்கோ வாரக்கணக்கு ஆகும். இந்த அவகாசத்தைத் தராமல் ஏறுகிறவருக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வரும். அத்துடன் நில்லாமல் மேலும் ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அல்லது மூளை வீங்கும். இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. இவற்றுக்கு முதல் வைத்தியம் உடனே கீழே இறங்குவதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இந்த நோய் வராது என்ற தவறான நம்பிக்கை நம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. 1962-ல் சமவெளியிலிருந்து அவசர அவசரமாக இமய உயரங்களுக்கு அனுப்பப்பட்ட நம் போர்வீரர்கள் பலர் இதனால் அவதிப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து இந்திய ராணுவ வைத்தியர்கள் 1,925 வீரர்களைக் கவனித்து 1969-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, இத்துறையில் உலகம் முழுவதும் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. நல்ல தேகக்கட்டும் பயிற்சியும் உள்ள வீரர்களே வீழ்ந்தார்கள் என்றால், ஜிம்முக்குப் போவதை மட்டும் நம்பிப் புறப்படுவது எவ்வளவு தூரம் சரி? 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, ஓர் இரவு தூங்கிய இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் உயர வித்தியாசம் 500 மீட்டருக்கு மிகலாகாது என்பது வைத்தியர்கள் சொல்லும் பொதுவிதி. நம்மைப்போலக் கடலோரச் சமவெளியிலிருந்து வருகிறவர்கள் மணாலியிலேயே ஒரு நாள் சும்மா தங்கிவிட்டு மேலே போவது உசிதம். அந்த ஒரு நாளை மிச்சப்படுத்துகிற திட்டத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இங்கேதான் நம் தொழிற்பேட்டைப் பழக்கங்கள் குறுக்கே நிற்கின்றன. ஒரகடத்தில் லைனில் நிற்கிறவருக்கு ஒவ்வொரு விநாடிக்கும் கணக்கு உண்டு. டார்கெட் முடியாமல் ஷிஃப்ட் முடிவதில்லை. சோர்ந்தேன் என்று சொல்வது இழுக்கு என்று கற்றுக்கொண்டிருக்கிறார். அவரை மலையில் கொண்டுபோய் விட்டால் முதல் ஆளாக முகாம் சேர வேண்டும் என்று ஓடுவார், தலைவலியை மறைப்பார். அனுபவமுள்ள வழிகாட்டியோ வேண்டுமென்றே மந்தமாக நடப்பார், பேசிக்கொண்டே நடக்க முடியாத வேகம் கூடாத வேகம் என்பார், இரவும் காலையும் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்ப்பார், யார் சோற்றை மீதம் வைக்கிறார் என்று ஓரக்கண்ணால் கவனிப்பார். கூட்டத்தின் கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் ஒரு துணை வழிகாட்டி வருவாரே, குழுவில் முக்கியமான உத்தியோகஸ்தர் அவர்தான்.

வழிகாட்டி இருந்தும் விபத்து நேர்வதில்லையா என்றால், நேர்கிறது. 2024 ஜூனில் உத்தராகண்டத்துச் சஹஸ்ரதால் ஏரிக்குக் கர்நாடகத்திலிருந்து சென்ற குழுவில் 9 பேர் பனிப்புயலில் சிக்கி உயிரிழந்தார்கள்; மற்றவர்களை மீட்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் போக வேண்டியிருந்தது. பனி இல்லாத நம் தேனி மாவட்டத்துக் குரங்கணியிலேயே 2018 மார்ச் 11-ல் மூண்ட காட்டுத்தீ, மலைநடைக்குச் சென்ற 23 பேரைப் பலிகொண்டது. மலையில் வானிலையும் நெருப்பும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் மேகத்தைப் பார்த்து இன்று உச்சிக்குப் போகவேண்டாம் என்று முடிவு செய்வதும், அந்த முடிவைப் பணம் கொடுத்தவர்கள் முணுமுணுத்தாலும் மாற்றாமலிருப்பதும் மனிதர் கையில் உள்ளவை.

நம்மை நடத்திச் செல்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கூடாரமும் தானியமும் சமையல் வாயுவும் கோவேறு கழுதைகள் முதுகிலும் சுமைக்காரர்கள் தோளிலும் போகின்றன. பாலு கா கேராவில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி எளிதில் வேகாது. பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு நமக்கு முன்பே முகாம் சேர்ந்து, நாம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து விழும்போது சூடான சோறும் பருப்பும் தருகிற சமையற்காரர் வாங்கும் கூலி பெரிதல்ல. மிகக் குறைந்த கட்டணத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லும் ஏற்பாட்டாளர், அந்தக் குறைவை யாருடைய கூலியிலிருந்து எடுக்கிறார் என்று கேட்பது நியாயம். சிக்கனமாகப் போக விரும்புகிறவர்களுக்கு இந்திய இளைஞர் விடுதிகள் சங்கம் நெடுங்காலமாக நடத்திவரும் இமய நடைகள் இருக்கின்றன. இந்தியாவில் எத்தனையோ பேருடைய முதல் கணவாய் அந்தச் சங்கத்தின் தயவால் கடந்ததுதான்.

பத்து நாள் லீவு கிடைப்பது நிரந்தர ஊழியருக்கே கஷ்டம், காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அநேகமாக முடியாது என்பதை நான் அறிவேன்; அந்தத் தடை மலையைவிடப் பெரியது, அதை எந்த வழிகாட்டியாலும் கடத்திவிட முடியாது. லீவு கிடைக்கக்கூடியவர்கள் இப்படிச் செய்யலாம். ஹம்தாவுக்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய காலம். ஆகவே பொங்கல் கழிந்ததும் பயிற்சியைத் தொடங்குங்கள். திருக்கழுக்குன்றம் மலையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் இருக்கின்றன. ஞாயிறுதோறும் முதுகில் பாரத்தோடு ஏறி இறங்குங்கள், இறங்குவதில் அதிகக் கவனம் வையுங்கள். 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது; உள்ளூர் மலைவாசிகள் வழிகாட்டும் அந்தப் பாதைகளில் ஒன்றிலாவது முன்னதாக நடந்து பாருங்கள். ரத்த அழுத்தமோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் பணம் கட்ட வேண்டாம். உயரத்துக்கான மாத்திரையையும் அவர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள். புது பூட்ஸை மணாலியில் முதன்முதலாகப் போடாதீர்கள். பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம், எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டிகள், பிராணவாயு உருளை உண்டா, இரவில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் எந்த வழியாக, எத்தனை மணி நேரத்தில் கீழே இறக்குவீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.