ஜூலியா ஏன் பதில் சொல்லவில்லை?

"எதிர்வீட்டுப் பையனோட டூ விட்டுட்டேம்மா. எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறான். அவனுக்கு என்னைப் பிடிக்கலை."

என் ஐந்து வயது மகளின் புகார் இது. அந்தப் பையனுக்கு ஆட்டிசம் என்று அவன் அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். இவளிடம் அதை எப்படிச் சொல்வது? "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை அடைத்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகுதான் ஜூலியாவைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் டெலிவிஷன் நிகழ்ச்சியில் வரும் பொம்மை அவள். ஆரஞ்சு நிறத் தலைமுடி. செல்லமாக ஒரு முயல் பொம்மை. 2015-ல் கதைப் புத்தகத்தில் அறிமுகமாகி, 2017 ஏப்ரலில் டெலிவிஷனுக்கு வந்தாள். அவளை இயக்க வந்த ஸ்டேஸி கார்டனும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தாய்தான்.

அந்த முதல் நிகழ்ச்சியைக் கம்ப்யூட்டரில் போட்டு, மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். ஜூலியா படம் வரைந்துகொண்டிருக்கிறாள். 'பிக் பேர்ட்' என்ற பெரிய மஞ்சள் பறவை வந்து பேசுகிறது. பதிலே இல்லை.

"பார்த்தியா, இவளும் அப்படித்தான்!" என்றாள் என் பெண்.

தன்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் பறவையும் நினைக்கிறது. கடைக்காரர் ஆலன் விளக்குகிறார்: அவளுக்கு ஆட்டிசம், உடனே பதில் சொல்லாமல் இருக்கலாம். அடுத்து ஓடிப்பிடித்து விளையாடும்போது ஜூலியா சந்தோஷத்தில் குதிக்கிறாள். உடனே எல்லோரும் குதித்துக் குதித்தே பிடிக்கிறார்கள்! சைரன் சத்தம் கேட்டதும் அவள் தவித்துப் போகிறாள். அமைதியான இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள்.

ஜூலியாவை யாரும் 'சரிப்படுத்த'வில்லை, "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டவும் இல்லை. (அதில் நாம்தான் கெட்டிக்காரர்கள்.) எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளும் ஜூலியா மாதிரியே இருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சிலர் ஓயாமல் பேசுவார்கள். சிலருக்குப் பேச்சே வராது. அதனால் எதிர்வீட்டுக்காரியிடமே கேட்டேன். "சத்தமா கூப்பிட வேண்டாம். ஒரு தடவை கூப்பிட்டுட்டுப் பக்கத்துல உட்காரச் சொல்லுங்க, போதும்" என்றாள். இத்தனை நாளாக இதை நான் கேட்டதே இல்லை.

நேற்று மாடிப்படியில் அவன் ஒரு டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். இவள் மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சமையலறைக்கு ஓடி வந்தாள்.

"அம்மா, எனக்கும் ஒரு மூடி வேணும்."

ஊறுகாய் ஜாடி மூடியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன்.