நீரின்மேல் ஓர் அடுக்கு

வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறும் குளமும் கேணியுமே மக்களுக்கு நீர்நிலைகள். எண்ணெய் தேய்த்து முழுகுவோர் இறங்கிய கேணியிலே நிறங்காட்டும் திட்டுக்கள் மிதப்பதை யாவரும் கண்டிருப்பர். நிறம் தோன்றாத இடத்திலும் சிற்றலைகள் அடங்கிக் கிடக்கின்றன. ஆங்கும் எண்ணெய் உண்டு. அது ஒரே மூலக்கூறு தடிப்புள்ள படலமாகலாம். ஒரு மில்லிமீற்றரை ஐந்து இலட்சம் கூறாக்கினால், ஏறக்குறைய ஒரு கூறே அதன் தடிப்பு.

இத்தகைய படலத்தை நெருக்கி ஆராயும் வழியைக் கண்டவர் ஜேர்மனியைச் சேர்ந்த அக்னஸ் பொக்கெல்ஸ். பல்கலைக்கழகம் புகாத இப்பெண்மணி வீட்டிலேயே நீர்த்தொட்டி அமைத்து, அதன் குறுக்கே தகடொன்றை நகர்த்திச் சோதித்தார். அவருடைய கடிதம் 1891இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

இடம் மிகுந்திருக்கையில் மூலக்கூறுகள் வாயுவைப்போல அலைகின்றன, நெருக்கினால் திரவம்போலாகின்றன, மேலும் நெருக்கினால் நிமிர்ந்து அணிவகுக்கின்றன. ஒரு நிலையினின்று மற்றொன்றுக்கு மாறும்போது, பரப்புக் குறைந்தும் அமுக்கம் பெரிதும் ஏறுவதில்லை. இதுவே அவத்தை மாற்றம்.

இது நிகழும் விதத்தைக் கணிப்பது எவ்வாறு? நல்லூர்த் தேர்த்திருவிழாவில் ஒவ்வோர் அடியாரும் எங்கே கால்வைப்பார் என எவராலும் கூறவியலாது. கூட்டம் எங்கே நெருங்கும் என்பதைக் கூறலாம். புள்ளிவிபர முறையும் அத்தகையதே. நீர்ப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் நிரம்பியதோ வெறுமையானதோ எனக் கொள்வர். அயற்கட்டத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும். வெப்பம் அவற்றைக் கலைக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் எவ்வமைப்பு மிகுதியாக நிகழும் என எண்ணுவதே கணக்கு. காந்தத்துக்கென வகுக்கப்பட்ட இத்தகைய தளக்கணக்கை 1944இல் ஒன்சாகர் புறக்காந்தப்புலம் இல்லாத நிலைக்குத் துல்லியமாகத் தீர்த்தார். நிரம்பிய, வெறுங் கட்டங்களுக்கும் அதுவே பொருந்தும் என 1952இல் லீயும் யாங்கும் காட்டினர். குறித்த வெப்பநிலைக்குக் கீழே ஈர்ப்பு வென்று, அடர்ந்த திட்டுக்கள் பிரிகின்றன. அதற்கு மேலே மாற்றம் படிப்படியாகவே நிகழ்கிறது. மெய்ப்படலத்தில் மூலக்கூற்று வால்களின் வளைவையும் நிமிர்வையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

இக்கணக்கு உயிரையும் தொடுகிறது. நுரையீரலின் காற்றறைகளில் இத்தகைய படலமொன்று உண்டு. மூச்சு வெளியேறுகையில் அது நெருங்கி இறுகி, மேற்பரப்பிழுவிசையைத் தணித்து, அறைகள் ஒட்டிக்கொள்ளாது காக்கிறது. மூச்சுத்திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளில் அது குறைந்திருந்ததை 1959இல் ஏவரியும் மீடும் கண்டனர். 1980இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா அப்பொருளை வெளியிலிருந்து செலுத்திக் குழந்தைகளைத் தேற்றியதை அறிவித்தார். கேணியின் சிற்றலையை அடக்கும் மெல்லிய அடுக்குக்கு இனமானதொன்றே பச்சிளங்குழந்தையின் மூச்சையும் தாங்குகிறது.