பளபளப்புக்கு முன் உப்பு: வீட்டு முற்றத்தில் கார் பொலிஷ் பழகுபவர்களுக்கு

ஏப்ரல் கடைசியில் பனி கரைந்து, குளிர்கால ரயர்களைக் கழற்றும் நாள்களில், லொங்குய்ய் வீட்டு முற்றங்களில் நிற்கும் கார்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நிறத்தில்தான் இருக்கும். கறுப்போ, சிவப்போ, நீலமோ, மேலே சாம்பல் பூசியதுபோல உப்புப் படிந்திருக்கும். அந்த நேரத்தில்தான் எங்களில் பலருக்கு ‘இந்தமுறை நாங்களே காரைப் பொலிஷ் பண்ணினால் என்ன?’ என்ற யோசனை வருகிறது. கடையில் முழுமையாகச் செய்வித்தால் சில நூறு டொலர்கள் போய்விடும். வீட்டில் செய்தால் ஒரு சனிக்கிழமையும் கொஞ்சச் சாமான்களும் போதும்.

செய்யலாம், கடினமான வேலையல்ல. ஆனால் பழகத் தொடங்குபவர்கள் ஒன்றை முதலில் மனதில் வைக்க வேண்டும்: பொலிஷ் என்பது கடைசி வேலை. இந்த நாட்டில் காரின் ஆயுளைக் குறைப்பது மங்கிய நிறமல்ல, உப்பு.

இது வெறும் அழகு பற்றிய விடயமும் அல்ல. தென்கரையில் இருந்துகொண்டு, பஸ் ஓடாத அதிகாலையில் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குக் கார்தான் வேலையின் திறப்பு. அகதிக் கோரிக்கை முடிவாகும் வரை பத்து, பன்னிரண்டு வருடப் பழைய காரை வைத்துச் சமாளிப்பவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அந்தக் கார் இன்னும் மூன்று வருடம் ஓடுமா, அடுத்த வருடமே அடித்தட்டு உக்கிப் போகுமா என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி.

உப்பு செய்யும் வேலை

உப்பு தானாக இரும்பைத் தின்பதில்லை. தண்ணீரில் கரைந்ததும் அந்தத் தண்ணீர் மின்சாரத்தை இலகுவாகக் கடத்தும் கரைசலாகிறது. அதனால் இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்து கறளாகும் வேலை விரைவாகிறது. உப்புநீர் சுலபத்தில் உறைவதும் இல்லை, காய்வதும் இல்லை. காரின் அடியில் நாள்கணக்காக ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். சூடு கூடினால் கறளும் கூடும். ஆகவே உப்புப் படிந்த காரைக் கழுவாமல் சூடான கராஜுக்குள் விடுவது, அதை வெளியே குளிரில் விடுவதைவிடக் கெடுதலாகலாம்.

இதற்குப் பெரிய சாட்சி எங்கள் பக்கத்திலேயே நின்றது. புறொசாரையும் மொன்றியலையும் இணைத்த பழைய ஷம்பிளேன் பாலம் 1962இல் திறக்கப்பட்டது. வீதிக்கு இவ்வளவு உப்புப் போடுவார்கள் என்று எண்ணி அதைக் கட்டவில்லை. உப்புநீர் வடிந்து வடிந்து கொங்கிறீற்று உத்திரங்களையும், உள்ளே இருந்த உருக்குக் கம்பிகளையும் அரித்தது. 2019இல் புதிய பாலத்தைத் திறந்து பழையதை மூடினார்கள். பாலத்துக்கே அந்தக் கதி என்றால் காரின் மெல்லிய தகட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் ஞாபகம் வரும். ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. புதிய கார் கிடைக்க வழியில்லாத இடத்தில், இருப்பதைக் காப்பாற்றுவது ஒரு தொழிலறிவாகவே இருந்தது. அதே அறிவுதான் இங்கும் தேவை. எதிரி மட்டும் வேறு.

முதலில் கழுவப் பழகுங்கள்

ரயர் மாற்றும் நாளே நல்ல நாள். சில்லுகள் கழன்று நிற்கும்போது சில்லு வளைவுகளின் உட்பக்கத்தை நன்றாக நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். கதவுகளின் அடி ஓரத்தில் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைபட்டால் உப்புநீர் உள்ளேயே தேங்கி, கதவு உள்ளிருந்து வெளியே உக்கும். அவற்றைத் திறந்து விடுங்கள். குழாய் பிடிக்கும்முன் நகரசபையின் தண்ணீர் விதிகளையும் பார்த்துக்கொள்வது நல்லது. தெருவோர மழைநீர் வடிகாலில் போகும் சவுக்கார நீர் பல இடங்களில் நேரே ஆற்றில்தான் சேர்கிறது. சுய சேவைக் கழுவுமிடத்துக்குப் போனால் அந்தக் கவலை இல்லை.

மேற்பாகத்துக்கு இரண்டு வாளிகள் தேவை. ஒன்றில் கார் கழுவும் திரவம், மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் காரை வெறும் தண்ணீரால் நனைத்து மண்ணை இறக்குங்கள். பிறகு மேலிருந்து கீழாகத் துடையுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துடைக்கும் கையுறையை வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டே மீண்டும் சவுக்கார வாளியில் தோயுங்கள். பொலிஷ் செய்பவர் அழிக்கப் பாடுபடும் சிலந்திவலை போன்ற கீறல்களில் பெரும்பாலானவை, மண் ஒட்டிய துணியால் துடைத்தும் தானியங்கித் தூரிகைகளுக்குள் விட்டும் உண்டானவை. கழுவத் தெரிந்தால் பொலிஷ் தேவைப்படுவது பாதியாகக் குறையும்.

கோப்பை கழுவும் திரவத்தைப் பாவிக்க வேண்டாம், அது மெழுகைக் கழற்றிவிடும். பழைய சீலைத்துண்டால் துடைக்க வேண்டாம், மைக்ரோபைபர் துவாய் வாங்குங்கள். புதுக் காருக்குப் பூசை செய்து பூசிய சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தால், சுரண்டாமல் நனைத்து ஊறவிட்டுக் கழுவுங்கள். காய்ந்த துகள் உரமான மண்போலக் கீறும்.

கழுவிக் காய்ந்தபின் மெல்லிய பிளாஸ்ரிக் பைக்குள் கையை விட்டுப் பெயின்ரைத் தடவிப் பாருங்கள். நொறுநொறுப்பாக இருந்தால் கழுவிப் போகாத அழுக்கு ஒட்டியிருக்கிறது. களிக்கட்டியை வழுக்கும் திரவத்துடன் மெதுவாகத் தேய்த்தால் அது எடுபடும். கட்டி நிலத்தில் விழுந்தால் எடுத்துப் பாவிக்காமல் எறிந்துவிடுங்கள்.

பொலிஷ் என்றால் கழிப்பது

பொலிஷ் பூசுவது என்றே நாங்கள் சொல்கிறோம். உண்மையில் அது கழிப்பது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமற்ற ஒரு படை இருக்கிறது. அதன் தடிப்புப் பொதுவாக 35 முதல் 50 மைக்ரோன். தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோன் என்றால், மயிரிலும் மெல்லியது. ஒவ்வொரு பொலிஷும் அதில் சிறிதளவைச் சீவி எடுத்தே கீறலை மறைக்கிறது. சீவியது திரும்பி வராது. ஆகவே குறைந்த வலுவுள்ளதில் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் கூட்டுவதே சரியான வழி. வருடந்தோறும் செய்ய வேண்டிய வேலையும் அல்ல.

நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறல் பொலிஷுக்குப் போகாது. அதைத் தேய்த்து அழிக்க முயல்வது, மேற்படையையும் இழந்து கீறலையும் வைத்திருப்பதில் முடியும். தகடு தெரியும் கல்லடி இருந்தால், கதவு நிலையில் ஒட்டியுள்ள தாளில் நிறத்தின் குறியீட்டைப் பார்த்து அதற்குரிய சிறு பெயின்ற் போத்தல் வாங்கிப் பூசுங்கள். கறள் அங்கேதான் தொடங்கும்.

மெஷின் வாங்குவதென்றால் இரட்டைச் சுழற்சி உள்ளதை வாங்குங்கள். ஒரே அச்சில் சுழலும் மெஷின், பழகாத கையில் நிமிடத்துக்குள் பெயின்ரை எரித்துவிடும். நிழலில், கைவைத்தால் சூடு தெரியாத தகட்டில் வேலை செய்யுங்கள். முதலில் பொனற்றில் ஒரு மூலையில், இரண்டு சாண் சதுரத்தில் மட்டும் சோதித்துப் பாருங்கள். பஞ்சில் நான்கைந்து துளி போதும். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு நடுத்தர வேகத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக நகர்த்துங்கள். துடைத்துவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே சரிவந்த முறையையே முழுக் காருக்கும் கையாளுங்கள். கதவு விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ற் மெல்லியது. அங்கும் கறுப்பு பிளாஸ்ரிக் பகுதிகளிலும் தாள் நாடா ஒட்டிவிடுங்கள்.

மெழுகும் ஒரு பனைக்குடும்பத்து மரமும்

பொலிஷ் முடிந்த பெயின்ருக்கு ஒரு போர்வை தேவை. பேணிகளில் பிரெஞ்சில் ‘சீர்’ என்றிருப்பது மெழுகு. ‘பொலிர்’ என்ற சொல்லைக் கண்டால் அது தேய்க்கும் சாமான் என்று அறிந்துகொள்ளுங்கள். இரண்டையும் மாறிப் பாவிக்கக் கூடாது. பெயர்பெற்ற கார்னோபா மெழுகு, பிறேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு மரத்தின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. எங்கள் பனையின் குடும்பத்தைச் சேர்ந்த, விசிறி ஓலை விரிக்கும் மரம் அது. வறட்சியில் நீரை இழக்காமலிருக்க அது தன் ஓலையில் பூசிக்கொள்ளும் மெழுகே எங்கள் பொனற்றில் மழைத்துளியை உருட்டி விடுகிறது. ஆனால் அது சில மாதங்களில் போய்விடும். குளிர்காலத்தைத் தாங்க, செயற்கையாகச் செய்யப்பட்ட பூச்சுகள் கூடுதல் நாள் நிற்கும். எதுவாயினும் மெல்லிய படையாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் துடைக்கும் வேலைதான் கூடும்.

டிசம்பருக்கு முன்

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். அந்த நாளை ஒரு நினைவூட்டலாக எடுத்து, அதற்கு முன்பே மெழுகும் அடித்தட்டுக்குக் கறள் தடுப்பு எண்ணெயும் பூசுவித்துவிடுங்கள். இரண்டுக்கும் பணம் போதாவிட்டால் எண்ணெயைத் தெரிவு செய்யுங்கள். பளபளப்பில்லாத கார் ஓடும், அடித்தட்டில்லாத கார் ஓடாது.

குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறும் நாள்களைப் பார்த்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது அடித்தட்டைக் கழுவுங்கள். கழுவியதும் கதவு இறப்பர்களை உலரத் துடைத்து விடுங்கள், இல்லையேல் மறுநாள் காலை கதவு உறைந்து திறக்காது. பனியை அள்ளும் மண்வெட்டியைக் கார்மேல் வைக்கவே வேண்டாம். மென்மையான நுரைத்தலைத் தூரிகையால் தள்ளி, பொனற்றிலும் கதவுகளிலும் கடைசி மெல்லிய படையை விட்டுவிடுங்கள். கூரையிலும் கண்ணாடிகளிலும் விளக்குகளிலும் மட்டும் ஒன்றும் மிஞ்சக் கூடாது.

பிள்ளைகளையும் இந்த வேலைக்குக் கூப்பிடுங்கள். வாளி அலசவும் துவாய் பிழியவும் எட்டு வயதுப் பிள்ளையால் முடியும். இருக்கும் பொருளை எறியாமல் வைத்து ஓட்டுவது எப்படி என்பதை இந்த வேலையிலேயே பழகிக்கொள்வார்கள்.